பாலத்தில் நின்ற சிவப்புக் கார்

கணினித் திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்றைச் சோதிப்பதென்றால் நான் மூன்று விஷயம் பார்ப்பேன். முதலில் சூடு, பிறகு சத்தம், கடைசியில் விளையாட்டு. இந்த மூன்றையும் என்னைப்போல ஒழுங்காகப் பார்த்தவர்கள் அந்தக் காலத்துத் திருகோணமலையில் இல்லை என்று இன்றைக்கும் சொல்லுவேன். பெருமையடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போங்கள். அந்தப் பெருமைதான் என்னை ஒரு வீட்டாருக்குத் தீராத குற்றவாளியாக்கியது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

துறைமுகத்துக்குப் போகும் வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுகிய ஒழுங்கையில், தையல் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் கணினி திருத்துமிடம் இருந்தது. கடை என் சித்தப்பாவுடையது. சண்டை திரும்பத் தொடங்கியதும் அவர் கொழும்புக்குப் போய்விட்டார். சாவியையும் மேசை நிறையப் பழுதான கணினிப் பெட்டிகளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, வாயும் கொஞ்சம் நீளம். மாடிப்படி ஏறி வந்து, "ஆம்பிளையள் ஆரும் இல்லையோ?" என்று கேட்பவர்களிடம், "கொம்பியூட்டருக்கு ஆம்பிளை பொம்பிளை தெரியாது, வைச்சிட்டுப் போங்கோ" என்பேன். முறைத்துக்கொண்டே வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது முறைக்க மாட்டார்கள்.

வேலைக்குக் குறைவே இருக்கவில்லை. துறைமுகப் பக்கமிருந்து தெற்குக் கரையை நோக்கிப் பீரங்கி அடிக்கும் நாட்களில் என் மேசையிலிருக்கும் சின்னத் திருகாணிகள் எல்லாம் உருண்டு கீழே விழும். இலங்கைத்துறைப் பக்கத்துச் சனம் பாய் தலையணையுடன் வந்து பள்ளிக்கூடங்களில் இருந்தார்கள். டவுனில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வயசுப் பிள்ளைகளை யாரும் வெளியே விடவில்லை. போனால் திரும்பி வருவார்களோ என்ற பயம். அதனால், வீட்டுக்குள் இருத்தி வைக்க, வசதி இருந்தவர்களும் இல்லாதவர்களும் எப்படியோ கணினி வாங்கிக் கொடுத்தார்கள். பெடியள் இருந்து விளையாடினார்கள். விளையாடி விளையாடிக் கார்டுகளைச் சுட்டுப் பழுதாக்கி என்னிடம் அனுப்பினார்கள். கடற்காற்று மிச்ச வேலையைச் செய்தது. எங்கள் ஊரில் ஆறு மாதம் ஓடிய விசிறியைக் கழற்றினால் உப்பும் தூசியும் சேர்ந்து புட்டு மாதிரிக் கட்டியாக விழும்.

சூட்டைப் பார்ப்பது சுலபம். கார்டை வேலை வாங்கி, எத்தனை பாகை ஏறுகிறது என்று திரையில் பார்த்தால் போதும். ஆனாலும் நான் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். சத்தத்துக்கு என்னிடம் கருவி ஒன்றும் இருக்கவில்லை. கார்டை ஓடவிட்டுவிட்டுப் பின்கதவுவரை நடந்துபோய் நிற்பேன். அங்கே கேட்டால் அந்த விசிறி சரியில்லை. இதற்கு வெளியே கொஞ்சம் அமைதி வேண்டுமே. ஹெலிகொப்டரும் ஆமி ட்ரக்கும் போய் முடியும்வரை கதவடியில் காத்துக்கொண்டு நிற்பேன். சில நாட்களில் ஒரு விசிறியின் சத்தத்தைக் கேட்க எனக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்திருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. இணையம் இழுத்துப் பிடித்து வந்த காலம், சோதனை மென்பொருள் எல்லாம் இறக்க ஏலாது. அந்தந்தப் பெட்டியில் என்ன விளையாட்டு இருக்கிறதோ அதையே திறந்து, அவர்கள் விட்ட இடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் ஓடிப் பார்ப்பேன். படம் திக்கித் திணறாமல் போனால் கார்ட் நல்லது. அப்படி ஓடும்போது அவர்களால் தாண்ட முடியாமல் கிடந்த கட்டத்தையும் நான் தாண்டி விடுவேன். முதலில் அது தற்செயலாக நடந்தது. பிறகு அதுவே கடையின் வழக்கமாகிவிட்டது. பெட்டி கொண்டுவரும்போதே, "அக்கா, நாலாம் கட்டத்தில நிக்கிறன், அதையும் பாத்து விடுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். வங்கியில் வேலை செய்த ஒரு குடும்பஸ்தர்கூட, மனைவிக்குக் கேட்காமல் மெல்லக் குனிந்து இதைச் சொன்னார். திருத்திய பெட்டியோடு ஒரு கட்டமும் இலவசம். ஊரில் வேறு எந்தக் கடையும் கொடுக்காத பரிசு அது.

அந்த வீட்டு ஐயா வந்தது ஒரு காலை நேரம். சீனன்குடாப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். எண்ணெய்ச் சேமிப்புக் குதங்களில் களஞ்சியக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு அறிந்தேன். பெட்டியை உரப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி ஏறினார். பெட்டியின் பக்கத் தகடு இல்லை. அதைத் தனியாகச் சாரத்துணி ஒன்றில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். வழியில் மூன்று சோதனைச் சாவடி, ஒவ்வொன்றிலும் திறந்து காட்ட வேண்டும், அதனால் வீட்டிலேயே கழற்றிக்கொண்டு வந்துவிட்டாராம்.

"மகன்ர மிசின் பிள்ளை. கறகறவெண்டு சத்தம் முந்தியும் வாறதுதான், இப்ப பத்து நிமிசத்தில தானா நிண்டிடுது. நிக்காமல் ஓடினாக் காணும்."

"என்ன விளையாட்டு ஐயா விளையாடுறவர்?"

"கார் ஓடுறது."

அவ்வளவுதான் அவர் சொன்னது. இந்த இடத்திலேயே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. அந்த மகன் காணாமற்போய் ஏழு மாதமாகியிருந்தது. அவன் கடைசியாக நிறுத்திய இடத்தில் அந்த விளையாட்டு அப்படியே இருந்தது. அவன் வந்து தொடங்கும்வரை அதை அப்படியே வைத்திருப்பதுதான் அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே வேலை. நானோ, வீட்டில் ஒரு பெடியன் பெட்டி எப்போது வரும் என்று பொறுமையில்லாமல் காத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

கார்டைக் கழற்றினேன். விசிறியின் ஒரு இதழ் உடைந்து, மிச்ச இதழ்கள் ஓட்டில் உரசிக்கொண்டிருந்தன. சத்தத்துக்குக் காரணம் அதுதான். சூட்டைக் கடத்தும் பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. சுரண்டித் துடைத்துப் புதுப் பசை பூசி, செத்த கார்ட் ஒன்றிலிருந்து நல்ல விசிறியை எடுத்துப் போட்டேன். சூடு நன்றாக இறங்கியது. பின்கதவுக்குப் போய் நின்றேன், ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வந்து மேசைக்கு இரண்டடி தூரத்தில் நின்றேன், அப்போதும் இல்லை. என் கையாலேயே என் தோளில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டேன்.

பிறகு விளையாட்டைத் திறந்தேன். எங்கே நிறுத்தினாலும் அங்கேயே பதிந்து வைத்துக்கொள்ளும் விளையாட்டு அது. பெரிய நகரம் ஒன்று, மழை. கடலுக்கு மேலே நீளமான பாலம், பாலத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கார் நின்றுகொண்டிருந்தது. வைப்பர் இரண்டும் ஆடின. பந்தய ஓட்டம் ஒன்றின் நடுவில் நிறுத்தியிருந்தான், அதுவும் லேசில் முடிக்கக்கூடிய ஓட்டம் இல்லை. எனக்குக் கை துருதுருத்தது. மழையில் வழுக்கி வழுக்கி ஏழு தரம் தோற்று, எட்டாம் தரம் முதலாவதாக வந்தேன். நகரத்தின் அடுத்த பகுதி திறந்தது. அங்கே வெயில். விளையாட்டு தானாகவே பழையதை அழித்து, புதியதைப் பதிந்துகொண்டது. படம் ஓர் இடத்திலும் திணறவில்லை. "பத்துக்குப் பத்து" என்று தனியே இருந்து வாய்விட்டுச் சொன்னேன்.

மூன்றாம் நாள் ஐயா வந்தார். ஓட்டிக் காட்டச் சொன்னார். நான் விசிறியின் அமைதியைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமே செய்துவிட்டு விளையாட்டைத் திறந்து விட்டேன். அவர் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"இது எந்த இடம்?"

"அடுத்த பகுதி ஐயா. மகன் நிண்ட ஓட்டத்தை முடிச்சு விட்டிருக்கிறன். அதுக்குக் காசு ஒண்டும் இல்லை."

"பாலம் எங்க?"

"அது முந்தின பகுதியில, ஐயா."

"அந்தப் பாலத்தில சிவப்புக் கார் நிண்டது. மழை பெய்துகொண்டிருந்தது."

"ஓம், அதைத்தான் ஓடி முடிச்சிட்டன்."

"ஆர் ஓடச் சொன்னது?"

அவர் சத்தம் போடவில்லை. எனக்குத்தான் ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "ஓடாமல் எப்பிடி ஐயா சோதிக்கிறது? நிப்பாட்டி வைச்சுப் பாத்தா கார்ட் நல்லதோ கெட்டதோ எண்டு தெரியுமோ? நீங்கள் கொண்டுபோய்க் குடுங்கோ, மகன் சந்தோசப்படுவார்" என்று படபடவென்று கொட்டிவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவர் கதிரையை இழுத்து இருந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, கிளாசைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மகன் காலையில் சந்திப் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனதையும், சைக்கிள் மட்டும் மதிலோடு சாத்தியபடி நின்றதையும், அங்கே நின்ற யாருமே ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னதையும் சொன்னார். ஏழு மாதமாக அவர் போகாத இடமில்லை, எழுதாத மனுவில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அலைந்துவிட்டு வந்து, கால் கழுவி, மகனுடைய அறையில் பெட்டியைப் போடுவாராம். 'தொடர்க' என்று வரும், அதை மட்டும் அழுத்தத் தெரியும். பாலம் வரும், மழையில் கார் நிற்கும். ஒரு விசையையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருப்பாராம். பத்து நிமிடத்தில் பெட்டி நின்றுவிடும்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமே எண்டுதான் திருத்தக் கொண்டுவந்தனான்" என்றார்.

ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு விளையாடியிருந்தால் ஒரு நிமிட வேலை. யாருடைய பெட்டியிலும் நான் அதைச் செய்ததில்லை. கட்டம் தாண்டியதற்கு யாராவது அழுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்படி என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்திருக்கிறேன். அது சரிவரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சரிவராது.

"திருப்பி அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விட ஏலுமோ பிள்ளை?" என்று கேட்டார்.

"ஏலும் ஐயா" என்றேன். பொய்தான். அந்த நேரத்தில் ஏலாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

அழிந்த கோப்பை மீட்கத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன். கொழும்பில் இருந்த சித்தப்பாவிடம் போனில் கேட்டேன். "மேல எழுதுப்பட்டிட்டுதெண்டா அவ்வளவுதான், வேற வேலையைப் பார்" என்றார். கோபத்தில் போனை வைத்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். விளையாட்டை முதலிலிருந்து தொடங்கி, அதே பாலம்வரை ஓடி, அதே மழையில் அதே காரை நிறுத்திவிடுவது. அவன் பல மாதம் ஓடிய தூரம் அது. ஒவ்வொரு நாளும் மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு ஓடினேன். மின்சாரம் போனால் விட்ட இடத்திலிருந்து திரும்ப ஓடினேன். மற்றவர்களின் பெட்டிகள் தூசி பிடித்துக் கிடந்தன, பெடியள் வந்து வந்து ஏசிவிட்டுப் போனார்கள்.

ஐயா வாரத்துக்கு ஒருதரம் மாடி ஏறி வருவார். "எவ்வளவு தூரம் வந்திட்டீங்கள்?" என்று கேட்பார், தூர ஊருக்குப் போனவளிடம் கேட்பதைப்போல. "சுரங்கப் பாதை தாண்டிட்டன் ஐயா." "அவன் அந்தச் சுரங்கத்தில கன நாள் நிண்டவன், தனக்குள்ள ஏசிக்கொண்டு" என்று சொல்லி லேசாகச் சிரிப்பார். ஏழு மாதத்துக்குப் பிறகு மகனைப் பற்றி அழாமல் கதைக்க அவருக்கு என் கடையில்தான் இடம் கிடைத்தது என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு ஆறுதலாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

நாலாவது வாரம் பாலத்துக்கு வந்து சேர்ந்தேன். மழைக்காக இரண்டு நாள் காத்திருந்தேன், அந்த விளையாட்டில் மழை தன் பாட்டில்தான் வரும். கார் சிவப்பு. நான் பார்த்த ஞாபகத்தின்படி பாலத்தின் ஓரத்தில் அணைத்து நிறுத்திப் பதிந்தேன். இந்தத் தடவை மூன்று பிரதி எடுத்தேன். பெட்டியை நானே பஸ்ஸில் கொண்டுபோனேன். சாவடியில் நின்ற ஆமிக்காரன் உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டுக் கார்டைத் தொட்டான். "கையெடுங்கோ" என்று என்னையறியாமல் தமிழிலேயே அதட்டிவிட்டேன். என்ன நினைத்தானோ, கையை எடுத்துவிட்டான்.

சொல்ல வேண்டியதை வழி நெடுகப் பாடமாக்கிக்கொண்டு போனேன். அழிந்ததை மீட்டுவிட்டேன், இது அவன் நிறுத்தியதேதான் என்று சொல்லப்போகிறேன். அந்தப் பொய் ஒரு தர்மம் என்று என்னை நானே நம்பவைத்திருந்தேன்.

சின்ன வீடு. மகனுடைய அறையில் கட்டில் விரித்தபடி இருந்தது. பெட்டிக்கு வயர்களைப் பூட்டி ஓடவிட்டேன். ஐயா கதிரையில் இருந்தார். மகனின் அம்மா குசினியிலிருந்து வந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பாலம் வந்தது, மழை வந்தது. சிவப்புக் கார் நின்றது.

"சத்தத்தைக் காணேல்லை" என்றார் அம்மா.

"விசிறி மாத்தினது அம்மா. இனிச் சத்தம் வராது" என்றேன். எந்த வாயால் பெருமையாகச் சொன்னேனோ அதே வாயால்.

"முந்திக் குசினியில நிண்டாலும் கறகறவெண்டு கேக்கும். அது கேட்டா பிள்ளை வீட்டில நிக்கிறானெண்டு தெரியும். இவர் போட்டுப் பாக்கேக்கையும் கேக்கும், நான் அடுப்படியில நிண்டு கேட்டுக்கொண்டிருப்பன்."

"பழைய விசிறி என்னட்டைக் கிடக்கு அம்மா. கொண்டுவந்து போடட்டோ?"

"அதைப் போட்டா நிண்டிடுமெல்லோ?"

"ஓம். பத்து நிமிசத்தில நிண்டிடும்."

"வேண்டாம் பிள்ளை. இவர் பாக்கட்டும்."

சொல்லிவிட்டுத் திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அண்டைக்கு நான்தான் பாணுக்குக் கூப்பிட்டனான். இந்தா நிப்பாட்டிப்போட்டு வாறன் எண்டவன். ஒருக்காக் கூப்பிட்டவுடனே எழும்பினவன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஓட்டத்தின் நடுவில் யாரும் நிறுத்தமாட்டார்கள். தாய் கூப்பிட்டதற்காக அவன் நிறுத்தியிருக்கிறான். அந்த வீட்டில் அவன் கடைசியாகச் செய்த காரியம் அது. அதைத்தான் நான் ஓடி முடித்து வைத்திருந்தேன்.

ஐயா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மழை சரி. காரும் சரி. ஆனா இது அவன் நிப்பாட்டினது இல்லை, நீங்கள் நிப்பாட்டினது. அவன்ர காரில முன்சில்லு திரும்பின மாதிரி நிண்டது."

பாடமாக்கிய பொய்யை விட்டுவிட்டேன். "ஓம் ஐயா. அது போயிட்டுது. என்னால எடுக்க ஏலாமப் போச்சு. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அழுகை வந்துவிட்டது. நான் லேசில் அழுகிற ஆள் இல்லை.

அவர் என்னை அழவிட்டார். பிறகு, "நான் மன்னிச்சு என்ன செய்யிறது? அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது? தன்ர சாமானில ஆரும் கை வைச்சா விடமாட்டான். சும்மா ஏச்சில்லை" என்றார்.

"என்னைக் காட்டி விடுங்கோ ஐயா. நான் வந்து ஏச்சை வாங்கிக் கட்டுறன்."

நான் அதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அவர் எழும்பிப் போய்ப் பேனையும் கொப்பியில் கிழித்த ஒற்றையும் எடுத்துவந்தார். என் போன் இலக்கத்தை எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்ததை உரத்து வாசித்துச் சரிதானோ என்று கேட்டார். பெட்டியின் பக்கத் தகட்டில், மகன் வந்து கதிரையில் இருந்தால் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து, அதை ஒட்டினார். "இலக்கத்தை மாத்திப்போடாதேங்கோ" என்றார்.

சண்டை முடிந்தது. கடையை மூடினோம். நான் கல்யாணம் முடித்துத் தம்பலகாமம் போனேன், இப்போது வேறு வேலை செய்கிறேன். எத்தனையோ போன் மாற்றியிருக்கிறேன், இலக்கத்தை மட்டும் மாற்றவில்லை. வருடத்தில் இரண்டு மூன்று தரம் ஐயா போன் எடுப்பார். "ஒண்டுமில்லைப் பிள்ளை, இலக்கம் வேலை செய்யுதோ எண்டு பாத்தனான்" என்பார். "வேலை செய்யுது ஐயா" என்பேன். வைத்துவிடுவார்.

அவர் இறந்த பிறகு இனி அழைப்பு வராது என்று நினைத்தேன். செத்தவீடு முடிந்து இரண்டு மாதத்தில் அம்மா எடுத்தார். "நான் கதைக்கிறன் பிள்ளை. இலக்கம் வேலை செய்யுதோ?" என்றார். அதற்குப் பிறகு அவர்தான் எடுக்கிறார். போன மாதமும் எடுத்தார்.

"அவன் வந்தா முதல் உங்களுக்குத்தான் எடுப்பம். வந்து ஏச்சு வாங்கவேணும், சொல்லிப்போட்டன்" என்றார்.

"எந்த நேரமெண்டாலும் வருவன் அம்மா" என்றேன். என்னை யாரும் ஒரு சொல் சொன்னால் பொறுக்கமாட்டேன், வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஆனால் அந்தப் பிள்ளையிடம் ஒரு தரம் ஏச்சு வாங்கவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.